பேச்சியம்மாளின் தேனீப் பெட்டி

சோழவந்தான், 1938 மாசி, வெள்ளி இரவு.

கருப்பையா தோட்டத்துப் பூசணி பூக்கிறது, காய்ப்பதில்லை. தேனீ வந்தால்தான் பிஞ்சு பிடிக்கும் என்று பூவைப் பிரித்துக் காட்டியவன் நான். அதனால் இன்று, தேனீ வளர்த்துப் பிழைக்கும் பேச்சியம்மாளிடம் பெட்டி கேட்கப் போனார். துணைக்கு நானும் போனேன். கணவனை இழந்த அவள் காலையில் எதிரே வந்தால், சகுனம் பார்த்து வீட்டுக்குத் திரும்பிவிடுகிறவர் அவர்.

"பெட்டி தாரேண்ணே. ஆனா காலையில நான் வந்து வந்து பாக்கணும். அம்புட்டு தடவையும் நீங்க திரும்பிப் போயிட்டா, எப்பத் தண்ணி பாய்ச்சுவீக?" என்று சிரித்தாள்.

அவர் என்னைப் பார்த்தார்.

"விடியமுன்னே வாரேன். பெட்டிய நான் தூக்குறேன், நீ முன்னால நட தாயி" என்றார்.

சொல்லிவிட்டார். பெண்கள் வாசல் தெளிக்கிற நேரம் அது, தெருவே பார்க்கும். அவள் பின்னால் நடப்பாரா? நானும் சீக்கிரம் எழ வேண்டும்.