பென்சில் தட்டும் வகுப்பு

என் செல்ல மருமகள் ஸ்டெல்லாவுக்கு,

உன் தாய்மாமன் எதற்கும் நடுங்காதவன் என்று செகந்திராபாத் முழுக்கத் தெரியும். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கொதிக்கிற பாய்லருக்குள் தலையை விட்டு ரிப்பேர் பார்த்தவன். அந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பேனாவைத் திட்டு. திங்கட்கிழமை, நீ காலேஜில் நடத்திய வகுப்பில் நான் பேச வேண்டுமாம்.

எப்படி மாட்டினேன், கேள். உன் அடக்கத்தன்று கல்லறையில் உன் பி.ஏ. பெண்கள் விசும்பிக்கொண்டு நின்றார்கள். பார்க்கப் பொறுக்கவில்லை. "உங்க மிஸ்ஸுக்குப் பேசக் கத்துக் குடுத்ததே நான்தாம்மா. ஒர்க்‌ஷாப் கேட்ல நான் பேசினா எஞ்சினே நின்னு கேக்கும்" என்று சொல்லிவைத்தேன். கொஞ்சம் சிரிக்கட்டுமே என்றுதான். அவர்கள் சிரிக்கவில்லை, கண்ணு. நம்பிவிட்டார்கள்.

போன வாரம் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். லாலாகூடா ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண் பிலோமினாதான் பேசினாள்.

"மிஸ் போனதுக்கப்புறம் கிளாஸ்ல ஒருத்தியும் எழுந்து பேசல அங்கிள். புது சார் கெஞ்சிப் பாத்துட்டார். இப்படியே போனா இந்த இங்கிலீஷ் பேச்சு வகுப்பையே எடுத்துடுவாங்களாம். நீங்க வந்து மிஸ்ஸைப் பத்தி முதல்ல பேசுங்க. அப்புறம் நாங்க பேசறோம்."

"ஹவ் ஹவ், ஆமாமா, அதுக்கென்ன, வரேன்" என்றேன். வாய் என்னுடையது அல்லவா?

செருப்பை மாட்டிக்கொண்டே அவள் திரும்பினாள். "ஆனா மிஸ்ஸோட ரூல் இருக்கு அங்கிள்."

உன் ரூல் எனக்குத் தெரியாதா? யார் பேசினாலும், எழுதியதை எழுந்து வாசித்தாலும், பொய்யாகப் பட்ட இடத்தில் மற்றவர்கள் பென்சிலால் பெஞ்சைத் தட்ட வேண்டும். பேசுகிறவள் நிறுத்தி, அதையே உள்ளபடி திருப்பிச் சொல்ல வேண்டும். ஏன் இப்படி ஒரு ரூல் போட்டாய்? என் கதைகளைக் கேட்டு வளர்ந்த வினையா?

வீட்டில் ஒத்திகை பார்த்தேன். உன் அத்தை கரண்டியோடு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஸ்டெல்லா பொறந்தப்போ ஒர்க்‌ஷாப் சங்கு தானா ஊதிச்சு." டக்.

"ஒன்பதாம் மாசத்துல இங்கிலீஷ் பேசினா." டக், டக்.

"ஏங்க, ரெண்டு வயசு வரைக்கும் அவ வாயே திறக்கல. ஊமையோன்னு பயந்து உங்க அக்கா கோயில் கோயிலா மெழுகுவத்தி ஏத்தினாங்க. அதைச் சொல்லுங்களேன்."

"அதைச் சொன்னா கை தட்டுவாங்களாடி?"

"மாட்டாங்க. பென்சிலும் தட்ட மாட்டாங்க."

பேச்சு முழுக்கக் கரண்டிச் சத்தம்தான். ஒரே ஓர் இடத்தில் அவள் தட்டவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அது, ஆஸ்பத்திரியில் உன் கடைசி நாளைச் சொன்ன இடம். "பயமா இருக்கு மாமா" என்றாய். நான் உடனே, விகாராபாத் காட்டில் டார்ச் லைட் அடித்துச் சிறுத்தையை விரட்டின கதையை எடுத்துவிட்டேன். நீ கண்ணைத் திறக்காமலே கட்டில் கம்பியை விரலால் தட்டினாய். நான் நிறுத்தினேன். "எனக்கும் பயமா இருக்குடி" என்றேன். நீ தட்டவில்லை. விரல் என் கைமேல் வந்து கிடந்தது.

இதை அத்தனை பெண்கள் முன்னால் எப்படிச் சொல்வேன்? வேலை வாங்கின சார்ஜ்மேன்களிடம் பொறுக்கிய இங்கிலீஷில் சொல்ல முடிகிற விஷயமா? பாதியில் குரல் உடைந்தால்? கதை இல்லாமல் நிற்பது எனக்குச் சட்டை இல்லாமல் நிற்கிற மாதிரி. அந்த பாய்லரே தேவலை. அதுவும் நான் தலையை விட்டபோது நன்றாக ஆறிப்போய்த்தான் இருந்தது. இதோ, சொல்லிவிட்டேன். தட்டாதே.

திங்கட்கிழமை போவேன், கண்ணு. இது சத்தியம். எழுந்து நின்றதும் முதலில், எனக்குப் பயமாக இருக்கிறது என்பேன். ஒரு பென்சிலும் தட்டவில்லை என்றால், அந்த ஆஸ்பத்திரி நாளையும் சொல்லிவிடுவேன்.

உன்னைத் தோளில் வைத்து ரயில் காட்டிய,
பென்சில் தட்டு வாங்காமல் எந்த வகுப்பிலும் அதை நின்று சொல்லக்கூடிய,
உன் தாய்மாமன்
அந்தோணி