சங்கக் கூட்டத்தில் கேட்ட சிரிப்பு

அன்புள்ள அப்பாவுக்கு,

இருமல் குறைந்ததா? குஜராத்தில் நான் நலம், பயப்பட ஒன்றுமில்லை.

அணு, பிளாஸ்மா பொறியாளர் சங்கக் கூட்டத்தில், தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரைப் பிளாஸ்மா என்ற மின்னேறிய வாயுவால் சுத்தம் செய்யும் என் ஆய்வைப் பற்றிப் பேச எழுந்தேன். தலைவர் மைக்கில், “இவர் ஆம்பூர்க்காரர், மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள்” என்றார். அரங்கமே சிரித்தது. எனக்கு ஆத்திரத்தில் தமிழே வந்துவிட்டது.

“இன்னா சார் சிரிப்பு? எங்கப்பா அங்க தோல் பதனிடுற எடத்துலதான் வேல செய்றாரு!”

பிறகு ஆங்கிலத்தில், மன்னிப்புக் கேட்டால்தான் பேசுவேன் என்றேன். தலைவர் முணுமுணுத்தபடி மன்னிப்புக் கேட்டார். முழுவதும் பேசி முடித்தேன். மதியச் சாப்பாட்டில் என் மேசைக்கு யாரும் வரவில்லை.

அம்மாவிடம் குழம்புப்பொடி அனுப்பச் சொல்லுங்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் கூப்பிடுங்கள், சும்மா பேசலாம். அடுத்த வருடமும் அந்தக் கூட்டத்துக்குப் போவேன் அப்பா. ஊர்ப் பெயரை நானே முதலில் சொல்வேன்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் ஜெசிந்தா