ஈரத்தின் மேல் தூவிய நார்த்தூள்

இன்று காலை சிட்லபாக்கத்தில் ஒரு கறிக்கடையில் நின்றிருந்தேன். கடைக்காரர் கோழியைக் கிழித்து, குடலை உருவி, காலடியில் இருந்த நீல டிரம்மில் போட்டார். வெந்நீரும் இறகும் பச்சைக் குடலும் கலந்த அந்த வாடையில் உடனே நீதான் வந்தாய். செத்துப்போன தோழியைப் பூ வாசனையில் நினைத்துக்கொள்கிறவர்கள் இருக்கலாம். எனக்கு நீ கோழிக் குடலில்தான் வருகிறாய்.

"அண்ணா, அந்தக் குடலைக் கொஞ்சம் காட்டுங்க."

"இன்னாக்கா, கறி வாங்க வந்தியா, கொடலுக்கு ஸ்கேன் எடுக்க வந்தியா? பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க பாரு."

திட்டிக்கொண்டே தூக்கிக் காட்டினார். குடலின் மேல் ஊசியால் குத்தியதுபோலச் சிவப்புப் புள்ளிகள், நோய்க்கோழியின் அடையாளம். வேண்டாம் என்றேன். "ஆமா, நீ வாணாம்னு வச்ச கோயிய ஊரே துண்ணுகினுதான் கீது," என்றார். அவர் சொன்னதும் உண்மைதான்.

எங்கள் வீட்டில் ஷெட் நிறையக் கோழி இருந்தும் கறியைக் கடையில்தான் வாங்கவேண்டும் என்பதைப் பார்த்து நீ சிரிப்பாய். குஞ்சு, வளர்க்கக் கொடுக்கிற கம்பெனியுடையது, தீவனம் கம்பெனியுடையது, மருந்து கம்பெனியுடையது. ஷெட்டும் கரண்டும் தண்ணீரும் அப்பாவின் முதுகும் மட்டும் எங்களுடையவை. கோழி நன்றாக வளர்ந்தால் கம்பெனியின் திறமை, செத்தால் அப்பாவின் கவனக்குறைவு. இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் ஒப்பந்தமாம்.

பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்த நீ கால்நடைப் படிப்பு முடித்து, அதே கம்பெனியின் தொப்பியோடு எங்கள் ஷெட்டுக்கு வந்து நின்ற நாள் நினைவிருக்கிறது. கேளம்பாக்கம் சாலையிலிருந்து உள்ளே வரும் மண்பாதையில் உன் ஸ்கூட்டர் குதித்துக் குதித்து வந்தது. அப்பாவுக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். "நம்ம பாப்பாவே சூப்பர்வைசரா வந்துடுச்சு. இனிமே நமக்கு இன்னா பயம்?" என்றார். எனக்குப் பயம் அன்றுதான் தொடங்கியது. முன்பு வந்தவர் கம்பெனி ஆள் என்று தெரியும். நீ யாருடைய ஆள் என்று எனக்குத் தெரியவில்லை.

ஒவ்வொரு முறையும் வருவதற்கு முந்தின நாள் போன் செய்வாய். "நாளைக்கு வர்றேன்டி, அப்பாகிட்ட சொல்லிடு." அவ்வளவுதான். நான் சொன்னதும் அப்பா பல்லு வாரியை எடுப்பார். கோழிகள் படுக்கத் தரையில் தென்னை நார்த்தூள் பரப்பியிருப்போம். தண்ணீர்க் குழாய்க்குக் கீழே அது எப்போதும் ஊறிக் கிடக்கும். மேலாக உள்ள ஈரத்தை வாரிவிட்டு, புதுத்தூளைக் கொட்டி, தடம் தெரியாமல் இழுத்துவிடுவார். மறுநாள் நீ குனிந்து மேலாக ஒரு பிடி அள்ளிப் பார்ப்பாய். உதிரும். "காய்ஞ்சிருக்குப்பா, நல்லா வெச்சிருக்கீங்க" என்பாய். அப்பா பெருமையாக என்னைப் பார்ப்பார். நாங்கள் மட்டுமல்ல, அந்தப் பக்கத்தில் எல்லா ஷெட்டிலும் சூப்பர்வைசர் வரும் நாளில் இதுதான் நடக்கும்.

நீ ஒருநாளும் கையை ஆழமாக விட்டதில்லை. தெரிந்தே விடவில்லை என்றுதான் நினைக்கிறேன். எங்களைக் காப்பாற்றவா? உன் ரிப்போர்ட் சுத்தமாக இருக்கட்டும் என்றா? கேட்டிருந்தால் இரண்டும்தான் என்று சொல்லியிருப்பாய். அந்தச் சாமர்த்தியம் உனக்கு உண்டு.

அந்த மழைக்காலத்தில் கோழிகள் சிறகைத் தொங்கவிட்டு மூலையில் குவிந்தன. கழிச்சலில் ரத்தம். அன்று நீ போன் செய்யாமல் வந்தாய். செத்த கோழியைத் தீவனச் சாக்கின்மேல் மல்லாக்கப் போட்டு, கத்தரிக்கோலால் வயிற்றைத் திறந்து, குடலை நீளமாக எடுத்து வைத்தாய். குடல் முடிகிற இடத்தில் இரண்டு பைபோலத் தொங்கும் பகுதியைக் கீறினாய். உறைந்த ரத்தம் வழிந்தது.

"ரத்தக் கழிச்சல்டி," என்றாய். எழுந்துபோய் முதல்முறையாக நார்த்தூளுக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டாய். கறுப்பாக, சூடாக, கொழுக்கட்டை பிடிக்கிற மாதிரி வந்தது. எச்சத்தோடு வெளியே வரும் கிருமி ஈரமும் சூடும் கிடைத்தால் முற்றிவிடும், கோழி தரையைக் கொத்தும்போது மறுபடி குடலுக்குள் போகும் என்று விளக்கினாய். புதுத்தூள் போட்டு மூடியதில் அடியில் அதற்கு மெத்தையே கிடைத்திருக்கிறது.

நான்தான் கேட்டேன்.

"இதைத் தடுக்கத் தீவனத்துல மருந்து கலந்துதானே வரும்? இந்த லோடுல இருக்கா?"

"இருக்கும்."

"இருக்கும்னா? வாசனையே வேற மாதிரி இருக்கு. வேற எந்தெந்த ஷெட்ல இதே மாதிரி சாகுது, அதைச் சொல்லு."

"கத்தாதடி. அப்பா எதிர்ல வேணாம்."

குழாய்த் தண்ணீரில் கலக்க மருந்து கொடுத்தாய். ஒரு பாலிதீன் கவரில் அந்தத் தீவனத்தை ஒரு பிடி அள்ளிக்கொண்டாய். "லேபுக்கு அனுப்புறியா?" என்று கேட்டேன். "பாக்கறேன்" என்றாய். பாதிக் கோழி செத்தது. மீதி எலும்பும் இறகுமாக விற்பனைக்குப் போயிற்று. பிறகு கம்பெனியிலிருந்து சொன்னார்கள்: தரை ஈரம், பராமரிப்பு சரியில்லை, இனி இந்த ஷெட்டுக்குக் குஞ்சு இறக்கமாட்டோம். அதற்குக் காட்டிய ரிப்போர்ட்டில் இருந்தது உன் கையெழுத்து. தீவனத்தைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

ஷெட் காலியானது. கோழி வளர்த்த அப்பா பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் நீல யூனிஃபார்ம் போட்டு, வருகிற காருக்கெல்லாம் எழுந்து நின்றார். அங்கே இருப்பவர்கள் வாங்கித் தின்கிற கோழியைத்தான் அவர் வளர்த்தார் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

நீ போன் செய்தபோதெல்லாம் நான் எடுக்கவில்லை. சில மாதத்தில், ஒரு ஷெட்டிலிருந்து இன்னொரு ஷெட்டுக்குப் போகும் வழியில், தண்ணீர் லாரி உன்னை அடித்தது. கம்பெனி மலர்வளையம் அனுப்பியது. அன்று நீ டியூட்டியில் இல்லை என்றும் சொன்னது. கம்பெனித் தொப்பியோடுதான் கிடந்தாய் என்று உன் அம்மா சொன்னார்.

உனக்காக உன் வீட்டில் நடந்த ஜெபக்கூட்டம் முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சம்பந்தமில்லாமல் ஒன்று சொன்னார். "என்னமோ கோழித் தீவனத்தைக் கவர்ல கட்டி ஃப்ரிட்ஜ்ல வெச்சிருந்தாம்மா. தூக்கிப் போடுன்னா சண்டைக்கு வருவா. நேத்து சொந்தக்காரங்க சாப்பாடு வெக்க இடமில்ல, கொட்டிட்டேன்."

அதைக் கேட்டு அழவேண்டியவள் நான். எனக்குக் கோபம்தான் வந்தது. அனுப்பவும் இல்லை, எறியவும் இல்லை. அனுப்பினால் வேலை போகும் என்று பயந்தாயா? நாளைக்கு அனுப்பலாம் என்று வைத்தாயா? இல்லை, அனுப்பி ஒன்றும் இல்லையென்று வந்துவிட்டால் என் அப்பாமேல்தான் பழி உறுதியாகும் என்று வைத்தாயா? ஒவ்வொன்றையும் நம்பிப் பார்த்துவிட்டேன். எதுவும் இரண்டு நாள்கூட நிற்பதில்லை.

இப்போது வேறொரு கம்பெனி எங்கள் ஷெட்டில் குஞ்சு இறக்கியிருக்கிறது. அப்பா வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார். சூப்பர்வைசர் புதிதாகச் சேர்ந்தவர். போன வாரம் வருவதற்கு முந்தின நாள் அவரும் போன் செய்தார். அப்பா பல்லு வாரியைத் தேடினார். நான் அதை எடுத்து என் அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.

"திரும்ப குஞ்சு வராம பூடும்மா. இன்னா வேல பண்ற நீ?"

"அப்போ ஈரத்த அடியில வெச்சி மூடினாலும் வராமதான் போச்சு."

மறுநாள் அந்த ஆளைத் தண்ணீர்க் குழாய்க்குக் கீழே அழைத்துப்போய், கையை ஆழமாக விடச் சொன்னேன். விட்டார். ஈரம். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எல்லாரும் மறைப்பாங்க. நீங்க எதுக்கு மேடம் காட்டறீங்க? எதுனா கேஸ் கீஸ் போடப் போறீங்களா?"

"எழுதுங்க சார். தீவன மூட்டையையும் பிரிச்சிக் காட்டறேன், அதையும் சேர்த்து எழுதுங்க."

எழுதினாரா என்று தெரியாது. அடுத்த முறை குஞ்சு இறங்குமா என்பதும் தெரியாது. நீ இருந்திருந்தால் அன்று சாயங்காலமே எனக்குப் போன் செய்து, "லூசாடி நீ? மேல கொஞ்சம் தூவி விட்டிருக்கலாம்ல" என்று கத்தியிருப்பாய். இந்த முறை நான் எடுத்திருப்பேன். அந்தத் திட்டில் எவ்வளவு நீ, எவ்வளவு கம்பெனி என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. பிரிக்காமலே வைத்திருக்கிறேன்.