உளவாளியின் நடை

“அப்பவே ஒனக்குத் தெரியுமாலே?” என்று ஒரு கல்யாணப் பந்தியில் நீ என்னைக் கேட்டாய். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் நாம் பேசியிருக்கிறோம். நீ போய்ச் சேர்ந்தும் ஒரு மழைக்காலம் ஆகிவிட்டது. காதில் நிற்பது அந்த ஒரு கேள்விதான்.

நேற்று மத்தியானம் தொலைக்காட்சியில் உன் முதல் படத்தைப் போட்டார்கள். கறுப்பு வெள்ளைப் படம், நீ உளவாளி. காரில் உட்கார்ந்து நீ திரும்பிப் பார்க்கும் காட்சியை ஆசையாகப் பார்த்தேன். காரைவிட்டு இறங்கி எதிரியின் பங்களாவை நோக்கி நடக்கத் தொடங்கினாய். நான் எழுந்துபோய்ப் பெட்டியை அணைத்துவிட்டேன்.

அறுபதுகளின் கடைசியில் அந்தப் படம் அருப்புக்கோட்டைக்கு வந்த அன்று உன் தெருவில் தறிச் சத்தமே இல்லை. பன்னிரண்டு வருஷம் அங்கே குழித்தறியில் உட்கார்ந்து நெய்தவன், திருவிழா நாடகத்தில் ராஜா வேஷம் கட்டியவன், மெட்ராசுக்குப் போய்ப் புதுமுகக் கதாநாயகன் ஆகிவிட்டான். கொட்டகை வாசலில் நின்ற உன் படத்துக்கு உன் சனங்கள் பூமாலை போடவில்லை. சிவப்புச் சாயம் ஏற்றிய நூல் சிட்டத்தையே மாலையாகப் போட்டார்கள். நீ வரவில்லை, உன் கடிதம்தான் வந்தது.

“இங்க எல்லாரும் மூஞ்சிக்கு நேரா பிரமாதம்ங்கிறாக. நம்ப முடியல. அடுத்த படம் இன்னும் பத்து நாளுல ஆரம்பம். அது ஓடலைன்னா மூணாவது கிடையாதுன்னு மொதலாளி சொல்லிட்டாரு. நீ போயி, பாத்தவுக சொல்லுறத ஒண்ணு விடாம எழுதி அனுப்பு. வாத்தியாருன்னு சொல்லித் திருத்திப்புடாத.”

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மத்தியான ஆட்டம் விடும் நேரத்தில் கொட்டகைக்கு எதிர் டீக்கடையில் உட்கார்ந்தேன். கேட்காமலே சொன்னார்கள். “சி.ஐ.டி.ன்னா ஆளு தெரியாம இருக்கணும்ல? கறுப்புக் கண்ணாடி, நீளக் கோட்டு, தொப்பி! நம்ம பசாருல இப்படி ஒருத்தன் வந்தா நாயெல்லாம் பின்னாடியே போகும்” என்றார் மிளகாய் மண்டிக்காரர் ஒருவர். பரளச்சியிலிருந்து பஸ் ஏறி வந்த சம்சாரி ஒருவருக்குத் துப்பாக்கியைத் தவிர வேறு பேச்சில்லை. “நான் எண்ணிட்டேன் சாரு. குண்டே மாத்தாம பதினேழு தடவ சுட்டான். அந்தத் துப்பாக்கி எங்க கிடைக்கும்னு கேட்டு எழுதுங்க. கடலக்காட்டுல பன்னித் தொல்ல தாங்கல.”

உன் தெருவில் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றும் ரங்கம்மாள் ஞாயிற்றுக்கிழமை வந்தாள். ஊருக்கு வந்த படம் ஒன்றையும் விடாதவள்.

“மொகம் லட்சணமா இருக்கு. கண்ணு பேசுது. நடதான், தறிக்குழிக்குள்ள இருந்து இப்பத்தான் ஏறி வந்தவன் மாதிரி இருக்கு. கழுத்து முன்னால போகுது, ஒடம்பு பின்னால வருது. வலது கை இன்னும் தறிக் கயித்த இழுத்துக்கிட்டே இருக்கு. எதிராளி மட்டும் கொஞ்சம் உத்துப் பாத்தான்னு வையிங்க, ‘ஏலே, இவன் சி.ஐ.டி. இல்லடா, சேல நெய்யிறவன்டா’ன்னு அங்கனயே பிடிச்சிருப்பான்.”

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை. “இதயும் எழுதுங்க வாத்தியாரய்யா. சொன்னா மாத்திக்கிருவான்” என்றாள்.

அன்று சாயங்காலம் உனக்கு எழுத உட்கார்ந்தேன். நான் கடைத்தெருக்காரன் மகன். தறிக்காரர்களின் நடையைச் சொல்லிச் சிரிக்கும் வீட்டில் வளர்ந்தவன். பள்ளிக்கூடத்தில் அப்படிச் சிரித்த ஒருவனின் சட்டையை நீ பிடித்ததையும் பார்த்தவன். தறிக்காரன் மாதிரி நடக்கிறாய் என்று என் கையால் உனக்கு எப்படி எழுதுவேன்? ரங்கம்மாள் சொன்னால் அக்கறை, நான் எழுதினால் கேலி என்று பட்டது. சும்மா விட்டிருந்தாலாவது பரவாயில்லை. கண்ணாடியையும் துப்பாக்கியையும் எழுதி முடித்ததும், எல்லாம் குறையாகவே போகிறதே என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: “உன் நடையைப் பலரும் மெச்சினார்கள்.”

ஒரு பையன் கணக்கின் மூன்றாவது வரியில் தவறியிருப்பான். அவன் முகம் வாடுமே என்று அந்த வரியில் வட்டம் போடாமல், கீழே ‘நன்று’ என்று எழுதிக் கொடுத்தால், அடுத்த பரீட்சையிலும் அவன் அதே இடத்தில்தான் விழுவான். புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்லிவந்த உதாரணம் இது. உனக்கு நான் அந்த ‘நன்று’தான் போட்டேன்.

ஒரு மாதம் கழித்து எழுதியிருந்தாய்: “சனங்களுக்கு என் நட பிடிச்சிருக்குன்னு டைரக்டருகிட்டச் சொன்னேன். நீள நட ஒண்ணு சேத்திருக்காக.” ஆசிரியர் அறையில் நின்று அதைப் படித்தேன். அப்போதாவது ஒரு தந்தி அடித்திருக்கலாம். மணி அடித்தது, வகுப்புக்குப் போய்விட்டேன்.

முதல் படத்தில் பாதி நேரம் நீ காரில் போனாய், அதனால் தப்பித்தாய். இரண்டாவதில் கார் இல்லை. நீளமான தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து அதிகாரி உடுப்பில் நீ எங்களை நோக்கி நடந்து வந்தாய். மூன்றாவது அடியில் யாரோ ஒருவன் தறிச் சத்தத்தை வாயால் போட்டான். ஆறாவது அடியில் கொட்டகையே போட்டது. உன் தெருக்காரர்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் அவர்கள் நடுவில் இருந்தேன். படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. மொதலாளி சொன்னபடியே செய்தார். அப்புறம் உனக்குக் கிடைத்ததெல்லாம் கார் ஓட்டுகிறவர், கோர்ட்டில் பின்வரிசையில் இருக்கிறவர் போன்ற உட்கார்ந்தே இருக்கும் வேஷங்கள்.

ஏழெட்டு வருஷம் கழித்துத் திருச்சுழியில் உன் அக்கா மகள் கல்யாணம். பந்தியில் நாம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். எதிர் வரிசையில் ரங்கம்மாள். “நடய மாத்தச் சொல்லி அன்னைக்கே வாத்தியாரய்யாகிட்டச் சொன்னேனே தம்பி. எழுதலையா அவுக?” என்றாள். நீ என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டாய். “தெரியும்” என்றேன்.

“பத்து நாளு இருந்துச்சுலே. செவத்துல முதுக ஒட்டி நின்னு பழகியிருப்பேன்” என்றாய். குரலில் கோபமே இல்லை. பாயசம் வருவதற்குள் இலையை மடித்து எழுந்துவிட்டாய்.

உன் மானத்தைக் காப்பாற்றினேன் என்றுதான் வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். உன்னிடம் எனக்கிருந்த நல்ல பெயரைத்தான் காப்பாற்றிக்கொண்டேன். நீ உறவை முறிக்கவில்லை. என் வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் வந்தாய், நான் குடிபோன காரியாபட்டி வழியாகப் போனால் இறங்கிப் பார்த்தாய். ஆனால் வீடு கட்டியபோதும், மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும், “எப்படி இருக்கு?” என்று நீ என்னைக் கேட்கவில்லை. சாகும்வரை கேட்கவில்லை.

இன்றைக்கும் யாராவது தாம் செய்ததைக் காட்டி அபிப்பிராயம் கேட்டால் என் வாயில் முதலில் வருவது பாராட்டுத்தான். அதை நிறுத்தி வைப்பது இந்த வயதிலும் சிரமமாக இருக்கிறது. உனக்கு எழுதும் இதை வேறு யாரேனும் படித்தால், அவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். இந்த வாரம் உங்களை நம்பி ஒருவர் அபிப்பிராயம் கேட்டால், நீங்கள் கண்ட குறைகளில் அவரால் திருத்திக்கொள்ளக்கூடிய ஒன்றை எடுத்து, அன்றைக்கே அவரிடம் சொல்லுங்கள்.