அந்த ஸ்கேனைக் கெடுத்தது நான்தான்

என் அருமை சரோஜா அக்காவுக்கு,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. ஜீவனஹள்ளியில் எல்லோரும் நலம் என்று எழுத ஆசைதான். ஆனால் நலமாக இருக்கிற எங்களைப் பார்த்தால் எனக்குக் குமட்டுகிறது. அதில் முதல் ஆள் நான்.

உன் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார். உனக்கு முதல் ஸ்கேன் எடுத்தாரே, கண்ணாடி போட்ட டெக்னீசியன், அவருடைய அலட்சியத்தால்தான் நீ செத்தாயாம். சாட்சி என்ற இடத்தில் என் கையெழுத்து இருக்கிறது. திங்கட்கிழமை விசாரணை. அந்த ஆளுக்கு வேலை போய்விடும் என்று மாமா காபி குடித்துக்கொண்டே சொல்கிறார்.

படபடப்பும் வியர்வையுமாக நீ தவித்தபோது, எல்லாம் மனசுதான் காரணம் என்று ஒரு டாக்டர் மனச்சோர்வு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது உனக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும். ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாய். அப்புறம் இன்னொரு டாக்டர் சிறுநீரகத்துக்கு மேலே சின்னக் கட்டி இருப்பதைப் பார்த்துவிட்டு, எம்ஐபிஜி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அதற்கு ஊசி மருந்து மும்பையிலிருந்து விமானத்தில் வர வேண்டும் என்றார்கள். "எனக்கோசரம் பிளேன்ல வருதாம்டா" என்று நீ சிரித்தாய்.

ஸ்கேன் அன்றைக்கு அந்த அத்திபெலே ஊர்க்கார அம்மாவும் கூட வந்தாள். நம் கவிதாவைத் தன் மகனுக்குக் கேட்டு, இன்னும் உறுதி சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்த நேரம். துணைக்கு வந்தாளாம். பெண்ணின் அம்மாவுக்கு என்ன வியாதி என்று பார்க்க வந்தாள் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உனக்கும் எனக்கும் நடுவில் பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

டெக்னீசியன் கையில் ஃபாரத்தோடு வந்தார். "என்னென்ன மாத்திரை தகொள்றீங்கம்மா?" என்று கேட்டார். பிரஷர் மாத்திரை மட்டும் என்று நான் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, உன்னையே பார்த்தார்.

"தூக்கத்துக்கு, மனசுக்குன்னு வேற ஏதாச்சும் இருந்தா மறைக்காம சொல்லிடுங்கம்மா. இல்லன்னா இந்த டெஸ்ட்டே கெட்டுப்போயிடும்."

நீ வாயைத் திறந்தாய். நான் முந்திக்கொண்டேன். "எங்கக்காவுக்கு அதெல்லாம் எதுக்கு சார்? ஒண்ணுமில்ல, எழுதிக்கோங்க."

படத்தில் எதுவும் தெரியவில்லை. கட்டி சும்மா இருக்கிறது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். தெருவுக்கே மைசூர்பாகு கொடுத்தவன் நான். கல்யாணம் ஜோராக நடந்தது. நீ வியர்த்துக் கொட்டிக்கொண்டு பந்தியில் நின்றபோது, "படமே சொல்லிடுச்சு, இன்னும் இன்னா நடிக்கிற?" என்று மாமா கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். சீ.

ஒரு வருஷம் கழித்து முதுகுவலி வந்த பிறகுதான் இரண்டாவது ஸ்கேன். அதற்கு ஆக்ட்ரியோடைட் என்று பெயர். ஈரலிலும் முதுகெலும்பிலும் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. இதில் தெரிந்தது அதில் ஏன் தெரியவில்லை என்று புது டாக்டரைத் தனியாகக் கேட்டேன். இரண்டும் ஒரே மாதிரிக் கட்டியைத்தான் தேடுகின்றன, ஆனால் தேடும் வழி வேறு என்றார். முதல் மருந்து கட்டிக்குள்ளே போக வேண்டும், சில மனச்சோர்வு மாத்திரைகள் அந்த வாசலை அடைத்துவிடும். இரண்டாவது மருந்து கட்டியின் மேலேயே ஒட்டிக்கொள்ளும், அதை அந்த மாத்திரை ஒன்றும் செய்யாது. சில கட்டிகள் எப்படியும் ஒன்றில் தெரியும், மற்றதில் தெரியாது என்றும் சொன்னார். அப்புறம் கேட்டார்: "அப்ப அவங்க அந்த மாதிரி மாத்திரை ஏதாவது சாப்பிட்டாங்களா?"

இல்லை என்றேன். பக்கத்தில் சம்பந்தியும் இல்லை, ஒருவரும் இல்லை. கல்யாணமும் முடிந்துவிட்டது. அப்போது யாருக்காகப் பொய் சொன்னேன், அக்கா? என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தானே?

மாத்திரையை முன்னாலேயே நிறுத்தியிருந்தால் முதல் படத்திலேயே தெரிந்திருக்குமா? ஒரு வருஷம் முன்னால் வெட்டி எடுத்திருந்தால் நீ இருந்திருப்பாயா? நிச்சயமாகச் சொல்ல யாராலும் முடியாது. அதைச் சொல்லித்தான் நான் தினமும் தப்பித்துக்கொள்கிறேன்.

உன் காரியத்தன்று அந்தச் சம்பந்தியம்மாதான் எல்லோரையும்விடச் சத்தமாக டெக்னீசியனைத் திட்டினாள். கவிதா அவள் தோளில் சாய்ந்து அழுதாள். நான் வாழையிலை போட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் மாமா பேப்பரை நீட்டியதும் கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை போகிறேன். கவிதாவையும் சம்பந்தியம்மாவையும் வைத்துக்கொண்டே அந்த மாத்திரையின் பெயரைச் சொல்வேன். என் கையெழுத்தை அடித்துவிடுவேன். அம்மாவின் உயிரைவிடத் தன் கல்யாணம் பெரிதாகப் போய்விட்டதா என்று கவிதா கேட்பாள். இனி என்னை மாமா என்று கூப்பிடாமலும் போகலாம். போகட்டும்.

அந்த மனிதர் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் உன்னைத்தான் கேட்டார். பதில் சொன்னது நான் என்று சொல்லிவிட்டுத்தான் வீடு திரும்புவேன், இது உன்மேல் சத்தியம்.

உன் கூடப் பிறந்தும் உன்னைப் பேசவிடாத தம்பி,
முருகேசன்