பழைய பொட்டியும் இருநூற்றுப் பதினாலு கையும்

நாவல்கண்டிகை,
சித்தூர் ஜில்லா.
14-11-2012

அன்பு மகள் ரோஹிணிக்கு உன் நைனா தணிகாசலம் எழுதுவது. இங்கே நானும் உங்கம்மாவும் உயிரோடு இருக்கிறோம், காலையில் மூன்று மணி நேரம் கரண்டும் இருக்கிறது, இதற்கு மேல் சௌக்கியம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஷார்ஜாவில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த ஏசி ரூமில் இருமல் நின்றதா என்று உங்கம்மா கேட்கச் சொன்னாள். நேற்று தீபாவளிக்கு அதிரசம் சுட்டாள், உன் பங்கை நானே தின்றுவிட்டேன், கவலைப்படாதே.

போனில் நீ இரண்டு தடவை கேட்டாய், நைனா, அந்தப் பழைய கம்ப்யூட்டருக்கு எதுக்கு இவ்ளோ மெனக்கெடறே, எச்டி படம் பாக்கணும்னா நான் லேப்டாப் அனுப்பறேன், அதைத் தூக்கிக் காயலாங்கடையில போடு என்று. ஊருக்கு வருகிற ஆளைப் பிடித்து நீ லேப்டாப் கொடுத்தனுப்ப ரெண்டு மாசம் ஆகும், அதுவரை கல் ஏற்றுகிற லாரி காத்திருக்காது. போனில் முழுதாகச் சொல்லியிருப்பேன், நடுவில் நீ சிரிப்பாய், அதனால்தான் காகிதம். நம்ம கொல்லைக்குப் பின்னால் இருக்கிற குன்றை ஒரு கிரானைட் கம்பெனி வெட்டப் போகிறது. கல் வெளிநாட்டுக்குப் போகுமாம், யார் வீட்டுக் குளியலறையிலோ பளபளக்குமாம், அதனால் தேசம் முன்னேறுமாம். தேசம் முன்னேற ரோடு வேண்டாமா, அந்த ரோடு நம்ம ரெண்டு ஏக்கர் கடலைக்கொல்லை நடுவே போகிறது, மீதி இடத்தில் உடைசல் கல்லைக் கொட்டுவார்கள். நம் பாட்டன் காலம் வரை செத்தால் புதைக்கக்கூட சொந்த மண் இல்லாத ஆட்கள் நாம். சர்க்கார் பட்டா கொடுத்தபோது அதை உங்கம்மா மணியம்மா பேருக்குத்தான் எழுதியது, என் பேருக்கு எழுதினால் குடித்து அழித்துவிடுவேன் என்று என்மேல் அவ்வளவு நம்பிக்கை. இந்த ஒரு விஷயத்தில் சர்க்காரின் புத்தியை மெச்சவேண்டும், ஏன் என்று போகப்போகத் தெரியும்.

ஆடி மாசம் பள்ளிக்கூட மைதானத்தில் ஜனங்களின் அபிப்பிராயம் கேட்கிற கூட்டம் போட்டார்கள். ஜனங்களுக்கு அபிப்பிராயம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரியும். சாமியானா, நாற்காலி, பிரியாணி எல்லாம் கம்பெனி செலவு. படம் பிடிக்கத் திருப்பதியிலிருந்து ஒரு கல்யாண வீடியோக்காரன் புது எச்டி கேமராவோடு வந்தான், பொண்ணு மாப்பிள்ளையைச் சுற்றுவது போலவே அதிகாரியைச் சுற்றிச் சுற்றி எடுத்தான். அப்புறம் தீர்மானத்தின் நகல் கைக்கு வந்தது. இருநூற்றுப் பதினாலு பேர் வந்தார்களாம், ஏகமனதாகச் சம்மதம் சொன்னார்களாம். நம்ம கண்டிகையில் நாய்களைச் சேர்த்து எண்ணினாலும் இருநூற்றுப் பதினாலு வராது. தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிப்போட்டு அலைந்ததில் அந்த வீடியோவையே ஒரு டிஸ்க்கில் கொடுத்தார்கள். டிவியோடு இருக்கிற பிளேயரில் போட்டால் எரர் என்கிறது. நெட் சென்டருக்கு எடுத்துப்போகலாம் என்றால் அதை நடத்துகிறவன் கம்பெனிக்கு லாரி விடுகிறவனின் மச்சான், டிஸ்க் கீறலோடு திரும்பி வரும். மிஞ்சினது நீ காலேஜில் படித்தபோது வாங்கின பென்டியம் ஃபோர் பொட்டிதான்.

அந்தப் பொட்டியில் படம் எப்படி ஓடியது தெரியுமா. குரல் ஒழுங்காகப் போகிறது, படம் நொண்டுகிறது. அதிகாரி பேசிக்கொண்டே போகிறார், திரையில் அவர் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை. நாலு வீட்டு ஜனம் நம் வாசலில் உட்கார்ந்து பார்த்தது. மைக்கில் அதிகாரி தெலுங்கில் சம்மதமா என்று கேட்கிறார், படத்தில் எல்லோரும் தேமே என்று டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். பிறகு பிரியாணி டோக்கன் வெளியே கொடுக்கிறோம் என்கிற குரல் வருகிறது, உடனே படத்தில் கையெல்லாம் மேலே போகிறது. பார்த்தியா, நாம சோத்துக்குத்தான் கை தூக்கினோம், சம்மதத்துக்கு இல்லடா என்று பக்கத்துக் கொல்லைக் கருப்பன் துண்டை உதறிக்கொண்டு எழுந்து நின்றான். நான் சும்மா இருப்பேனா, நம் பசியைப் படம் பிடித்து அதைச் சம்மதம் என்று விற்கிறார்கள் என்று அரைமணி நேரம் பேசினேன், நன்றாகவே பேசினேன். தெலுங்கில் மனு எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிச் சித்தூரில் வக்கீல் ரங்கையாவிடம் கொண்டுபோனேன். அவர் மனுவைத் தொடவே இல்லை. ஏன்யா, அவனுங்க நல்ல கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டினா என்ன தெரியும், அதை நீ முதல்ல பாத்துக்கினு வா என்று அனுப்பிவிட்டார்.

அப்போது ஆரம்பித்தது இந்த ரிப்பேர் யாத்திரை. சித்தூரில் ஒரு கடைக்காரன் ராம் ஏத்தினா பறக்கும்ணா என்று சத்தியம் செய்து மாட்டிக் கொடுத்தான். பறக்கவில்லை, கம்ப்யூட்டர் ஆன் ஆவதுதான் கொஞ்சம் சீக்கிரம் ஆனது, நொண்டல் அப்படியே இருந்தது. பிறகு பொட்டியைப் பழைய போர்வையில் கட்டி, கைக்குழந்தையைப் போல மடியில் வைத்து, பஸ்ஸில் திருப்பதிக்கு எடுத்துப்போனேன். மொட்டை போடப் போகிறவர்கள் எல்லாம் என்ன காணிக்கை என்று பார்த்தார்கள். அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பின் சந்தில் திருவேங்கடம் என்கிறவரின் கடை. திறந்து பார்த்ததும், நைனா, இதுக்குப் பால் ஊத்திடு, இது செத்து ஆறு வருசம் ஆச்சு என்றார். பால் ஊத்தறதுக்கு முன்னாடி ஒரே ஒரு படம் பாக்கணும் என்றேன், விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் சிரிக்கவில்லை. எச்டி படத்தைப் பிரித்துக் காட்டுகிற வேலை மொத்தமும் இதன் மூளைமேல் விழுகிறது, அது கிழட்டு மூளை, அந்த வேலையைத் தனியாகச் செய்கிற டிஸ்ப்ளே கார்டு ஒன்று போட்டால் ஓடும், ஆனால் இந்த போர்டில் இருக்கிற பழைய மாதிரி துளைக்குப் புதுக் கார்டு எதுவும் உட்காராது என்று விளக்கினார். ரெண்டு வாரம் தேடி, எந்த ஆபீஸோ கழித்துப்போட்ட கார்டு ஒன்றைப் பிடித்தார். அது கரண்ட் அதிகம் தின்னும் என்று பவர் சப்ளையையும் மாற்றினார், படம் ஓட்டுகிற சாஃப்ட்வேரில் கார்டை வேலை வாங்குகிற இடத்தைக் காட்டிக் கொடுத்து, வேலைக்குக் கூலி வாங்க மாட்டேன் என்றார். அவரும் நம்ம நகரிப் பக்கம்தான், தறி நெய்வதை விட்டுப் பிழைக்க வந்த குடும்பம். இப்படி ஒரு ஆள் இருப்பதால் என் கோபம் கொஞ்சம் கெட்டுப்போகிறது, அது வேறு.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, கரண்ட் வந்ததும் போட்டேன். வாசல் நிறைய ஜனம். என்ன தெளிவு ரோஹிணி, கருப்பன் சட்டையில் எந்தப் பித்தான் இல்லை என்பதுகூடத் தெரிகிறது. குரலும் வாயும் ஒன்றாகப் போகிறது. அதிகாரி சம்மதமா என்று கேட்கிறார். அந்த வினாடியே, முன்வரிசையில், எல்லாருக்கும் முதலில் ஒரு கை விசுக்கென்று மேலே போகிறது. உன் நைனாவின் கை. என்னைப் பார்த்துக் கருப்பன் தூக்குகிறான், அவனைப் பார்த்து மற்றவர்கள். டோக்கன் அறிவிப்பு அதற்கு அப்புறம்தான் வருகிறது, அப்போது ஒருத்தனும் கை தூக்கவில்லை, தூக்க நேரம் ஏது, எல்லாரும் எழுந்து ஓடிக்கொண்டிருந்தோம். இதற்குப் பழைய ஓட்டமே நல்லா இருந்ததே என்று கருப்பன் முனகினான். ஏன் தூக்கினேன் என்று எனக்குத் தெரியும், அதுதான் அசிங்கம். நூறு நாள் வேலைக்கு ஆள் எண்ண வருவார்கள், கை தூக்கு. ரேஷன் கார்டா, கை தூக்கு. பென்ஷனா, கடனா, கேஸ் அடுப்பா, அதிகாரி கேள்வியை முடிக்கும் முன்னால் தூக்கினவன் பேர் லிஸ்டில், யோசித்தவன் பேர் அடுத்த வருசம். இருபது வருசமாக இப்படிப் பழக்கியிருக்கிறார்கள். மேஜை, மைக், வெள்ளைச் சட்டை மூன்றையும் ஒன்றாகப் பார்த்தால் என் கை என்னைக் கேட்காமலே எழுந்துவிடுகிறது. ஊருக்கே நியாயம் பேசுகிறவன், முதல் கை.

ஜனம் எழுந்து போக ஆரம்பித்தபோது உங்கம்மா மட்டும் உள்ளேயிருந்து வந்து, யோவ், அதைத் திருப்பிப் போடு, கடைசியில இருக்கறவங்களைப் பாரு என்றாள். போட்டேன். தண்ணித் தொட்டி பக்கம் பெண்கள் நிற்கிறார்கள், பழைய ஓட்டத்தில் அந்த இடம் வெறும் சேலை நிறம், இப்போது முகம் முகமாகத் தெரிகிறது. உங்கம்மா ரெண்டு கையையும் கட்டிக்கொண்டு அதிகாரியை முறைத்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் எதிர்வீட்டுச் செல்லியம்மா, அவளும் கை தூக்கவில்லை. நிறுத்தி நிறுத்தி எண்ணினோம். மொத்தத் தலை அறுபத்து மூன்று, தூக்காதவர்கள் பதினாலு பேர், பதினாலும் பெண்கள். மூணு மாசமா ஏன் சொல்லலை என்று கேட்டேன். நீ எங்க கேட்ட, அவன் நிலத்தைக் கேட்டான், எனக்குக் காது கேக்குது, நான் ஏன் தூக்கறேன், நீதான் அவன் வாயை மூடறதுக்குள்ள தூக்கிட்ட, அப்புறம் வந்து நீயே ஊரைக் கூட்டி அரைமணி நேரம் பேசின, நடுவுல நான் எங்க பேசறது என்றாள். பட்டா அவள் பேரில், சம்மதம் சொல்ல வேண்டியவள் அவள், அவள் சொல்லவில்லை என்று கம்பெனி செலவிலேயே தெளிவாகப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். ரங்கையா பார்த்துவிட்டு, ஏகமனதுங்கற வார்த்தை இதோட போச்சு, மணியம்மா நிலத்துல ரோடு போடறதை நிறுத்தக் கேக்கலாம், கிடைக்கறது பாதிக்குப் பாதிதான் என்றார். நான் எழுதின மனுவில் இருந்தது பொய் என்று தெரிந்துவிட்டதால் என் கையாலேயே கிழித்துப் போட்டேன். ஆனால் எல்லாருக்கும் இப்படி வாய்க்கவில்லை. கருப்பன் நிலம் அவன் பேரில் இருக்கிறது, அவன் கையும் படத்தில் இருக்கிறது. ரெண்டு நாளாக அவன் என் முகத்தைப் பார்ப்பதில்லை, உன்னைப் பாத்துத்தானே தூக்கினேன் என்று ஒரே ஒரு தடவை சொன்னான். அதிகாரியை, கம்பெனியைத் திட்டுவது சுலபம், இதைத்தான் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குகிற நாள். மனு உங்கம்மா பேரில், பின்னால் மற்ற பதிமூன்று பெண்களின் கையெழுத்து. கருப்பனுக்குத் தனியாக ஒரு மனு, புரியாமல் தூக்கினேன் என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறேன், யார் நம்புவார்களோ. அங்கே இருக்கிற கம்ப்யூட்டரில் டிஸ்க் ஓடுமோ ஓடாதோ என்று நம்ம பொட்டியையே எடுத்துப் போகிறோம்.

அம்மா ரோஹிணி, உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஷார்ஜாவில் உன் கம்பெனியில் புதுக் காண்ட்ராக்ட் கொடுத்தார்கள், எல்லாரும் போட்டாங்க, நானும் கையெழுத்து போட்டேன் என்று போன மாசம் சொன்னாயே, அதைக் கேட்டு அப்போது நான் சந்தோஷப்பட்டேன். இப்போது தூக்கம் வரவில்லை. அந்தக் காகிதத்தின் நகலைக் கேட்டு வாங்கி முதல் வரியிலிருந்து படி, பாஸ்போர்ட் உன் கையில் இருக்கிறதா என்று பார், இந்தக் கடிதம் கிடைத்ததும் மறக்காமல் போன் பண்ணு. நீ என் பெண்ணாக இருப்பதைவிட உங்கம்மா பெண்ணாக இருந்து நூறு வருசம் நன்றாக வாழ வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். திங்கட்கிழமை உங்கம்மா என்னையும் கூட வரச் சொல்லியிருக்கிறாள். பேசறதுக்கு நான் இருக்கேன், நீ பொட்டியைத் தூக்கிக்கினு வா, ரெண்டு கையும் அதைப் புடிச்சிக்கினு இருந்தாத்தான் எனக்கு நிம்மதி என்றாள்.

இப்படிக்கு,
பொட்டி தூக்கப் போகிற உன் நைனா,
தணிகாசலம்