கொரோமின் நெற்றிச்சடை

அக்டோபர் 12
என் கணவர் அம்ப்ருஷை இன்று கெச்கெமேத் நகர மருத்துவமனையில் சேர்த்துவிட்டு வந்தேன். இடுப்பு எலும்பு முறிவு. மூன்று வாரம் ஆகுமாம். படுக்கையில் கிடந்துகொண்டே கட்டளை: "இருபத்தாறுக்குள்ள ஆடுங்களைக் கால்வாய் தாண்டி இந்தப் பக்கம் கொண்டாந்துடணும். அதோட அந்தப் பக்கத்து மேய்ச்சல் குத்தகை முடியுது. பக்கத்துப் பண்ணை வின்ட்ஸேகிட்ட அவன் நாயைக் கேளு வில்மா. கொரோம் உன் பேச்சைக் கேக்காது."

கேட்காதா? இருபத்திரண்டு வருஷமாக இந்த வீட்டில் எல்லாருக்கும் சோறு போடுவது யார்?

வீடு வந்ததும் எங்கள் சடைநாய் கொரோமை உட்காரவைத்துப் பத்து நிமிடம் புத்தி சொன்னேன். அசையாமல் கேட்டான். கடைசியில்தான் தெரிந்தது, நான் பேசியது அவன் வாலிடம். தலை மறுபக்கம் தூங்கிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் கறுப்புச் சடை. எது முன், எது பின் என்று யார் கண்டார்கள்?

அக்டோபர் 13
"இடது" என்றேன். வலது போனான். விசில் அடித்தேன். படுத்துவிட்டான்.

அக்டோபர் 15
நாத்தனார் எமெஷே துணைக்கு வந்திருக்கிறாள். நகரத்தில் அழகு நிலையம் வைத்திருப்பவள். வாசலிலேயே மூக்கைப் பொத்தினாள். "இது நாயா அண்ணி? தரை துடைக்கிற மாப்புக்குக் கால் மொளைச்ச மாதிரி இருக்கு."

குளிப்பாட்டியே தீருவேன் என்றாள். நாலு தொட்டித் தண்ணீர். நாலும் சேறு. சடைகளுக்குள்ளிருந்து முள், வைக்கோல், போன வருஷம் காணாமல் போன என் கரண்டி எல்லாம் வந்தன. நனைந்தவனை இரண்டு பேர் சேர்ந்தும் தூக்க முடியவில்லை.

அவள் சீப்பை எடுத்தாள். பிடுங்கி வைத்தேன். இந்தச் சடையைச் சீவக்கூடாது. ஒட்டிக்கொண்டதை விரலால் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டும். அதையாவது அம்ப்ருஷைப் பார்த்துக் கற்றிருக்கிறேன்.

அக்டோபர் 17
இன்னும் காயவில்லை. உள்ளே ஈரம் நின்றால் பூஞ்சை பிடித்துவிடும். அடுப்புப் பக்கத்தில் கிடத்தி, ரொட்டியைத் திருப்புவதுபோல மணிக்கொரு தரம் திருப்பிப் போடுகிறோம். வீடெல்லாம் கம்பளி வேகிற நாற்றம். குழம்பில்கூட.

அக்டோபர் 18
காய்ந்தது. விறகு எடுக்கப் போனேன் — ஐந்தே நிமிடம். திரும்பி வந்தால் எமெஷே கையில் கத்தரிக்கோல். கொரோமின் நெற்றிச்சடை முழுக்கத் தரையில்.

"பாவம் அண்ணி, கண்ணே தெரியாம எப்படி வேலை செய்வான்?"

இரண்டு பழுப்புக் கண்கள். திருட்டுத்தனமாக ஜாம் தின்று மாட்டிக்கொண்ட பாதிரியாரின் கண்கள். என்னை மேலும் கீழும் பார்த்தான். இத்தனை நாள் என்னை வேறு மாதிரி நினைத்திருந்தான் போலிருக்கிறது.

அக்டோபர் 19
அழுகையாக வருது. ஆடுங்க அவனை மதிக்கவே இல்லை. இவ்வளவு நாளும் முகமே இல்லாத ஒரு கறுப்பு மூட்டை துள்ளித் துள்ளி வந்து குரைக்கும், அவை பயந்து ஓடும். இன்றைக்கு அந்தச் சாதுக் கண்களைப் பார்த்துவிட்டன. முறுக்குக் கொம்புக் கிடா நிதானமாக வந்து அவன் நெற்றியை நக்கிவிட்டுப் போனது.

கொரோம் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

அக்டோபர் 20
இன்னும் வண்டிக்கு அடியில்தான். சாப்பாடு அங்கேயே போகிறது. தொலைபேசியில் அம்ப்ருஷ், "கொரோம் எப்படி இருக்கான்?" என்றார். நிழலாகப் பார்த்து ஓய்வெடுக்கிறான் என்றேன். பொய்யா அது?

அக்டோபர் 22
எமெஷே கடையிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தாள். திறந்தால் கறுப்புச் சவுரி. "கல்யாணப் பொண்ணுக்கு வெக்கிறது அண்ணி. முதல் தரம்."

பின்னித் திரித்து, கிளிப் போட்டு நெற்றியில் மாட்டினாள். ஒரு தரம் தலையை உதறிப் பார்த்தான். வண்டிக்கு அடியிலிருந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தான்.

வின்ட்ஸேயிடம் நாய் கேட்கப்போவதில்லை. நானே போகிறேன்.

அக்டோபர் 24
காலையில் கிளம்பினோம். நூற்றெண்பது ஆடு, சவுரி வைத்த ஒரு நாய், நான். பாலம் வரைக்கும் ஒழுங்காகத்தான் வந்தது. நடுப்பாலத்தில் கிடா நின்றது. அதன் பின்னால் எல்லாம் நின்றன.

அப்போது பார்த்தா காற்று வீச வேண்டும்? சவுரி பறந்து கால்வாயில் விழுந்தது. கொரோம் வெறும் முகத்தோடு நிற்கிறான். ஆடுகள் பார்க்கின்றன. இடது, வலது, விசில் எல்லாமே எனக்கு மறந்துபோச்சு. "டேய், எனக்கு ஒண்ணும் தெரியலடா. நீயே பாத்து ஏதாவது செய்" என்று கத்தினேன்.

ஆட்டு முதுகுகள் மேலேயே ஏறி ஓடினான். கல்லுக்குக் கல் தாவுவதுபோல. கிடாவின் முன்னால் குதித்து அதன் மூக்குக்கு நேராகக் குரைத்தான். கிடா மூன்றடி பின்வாங்கி, யோசித்து, நடந்தது.

மதியத்துக்குள் எல்லா ஆடும் பட்டியில். இரண்டு தரம் எண்ணினேன்.

சாயங்காலம் வின்ட்ஸே வந்தான், ஒரு கம்பு நுனியில் சவுரியைத் தொங்கவிட்டுக்கொண்டு. "பூனை செத்து மிதக்குதுன்னு எடுத்தேன். உங்களுதா?" எமெஷே சிரித்துச் சிரித்து விக்கலெடுத்தாள்.

நவம்பர் 3
அம்ப்ருஷ் வந்துவிட்டார், ஊன்றுகோலோடு. கொரோமின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். எமெஷே கூரையைப் பார்த்தாள்.

"பழுப்பா? ஏழு வருஷமா கறுப்புக் கண்ணுன்னுல்ல நெனச்சுட்டிருந்தேன்."

சொல்லிவிட்டு அவன் நெற்றியைத் தடவிக்கொடுத்தார்.

நவம்பர் 6
இன்று அம்ப்ருஷ் பட்டி வாசலில் உட்கார்ந்து விசில் அடித்தார். கொரோம் அவரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் தலையசைத்ததும் ஓடினான்.

ராத்திரி சூப்பைக் கலக்கிக்கொண்டே, "நாளைக்கு மேய்ச்சலுக்கு நானும் வரட்டுமா?" என்றார்.

"வாங்க. பின்னாடியே நில்லுங்க. ஊன்றுகோலைப் பாத்தா ஆடு மிரளும்" என்றேன்.